தகரத்தடி பெர்லினய்யா

தோட்டக் கூலிகளின் வரிசை வீடான எங்கள் லயத்தில் பதினோராம் நம்பர் வீடு என்னுடையது. பன்னிரண்டாம் நம்பர் என் அண்ணன் சேகரனுடையது. நடுவில் ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். அதுவும் கூரைவரை போகாது. தோட்டத்தைக் கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கூலிக்காரன் வீட்டுக்கு முழுச்சுவர் கட்ட மனசு வரவில்லை. அண்ணன் அங்கே இருமினால் என் வீட்டுப் பூனை இங்கே எழுந்து உட்காரும். அந்த அண்ணனோடு நான் ஒரு வார்த்தை பேசிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், யாராவது சிரித்தால் சரி.

லூபோக் சீனா டவுனிலிருந்து உள்ளே நாலு மைல் வந்தால் எங்கள் ரப்பர்த் தோட்டம். அங்கே ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி ஒருவன் இருந்தான். பேர் சொல்ல மாட்டேன், சொன்னால் வாய் கசக்கும். ஆபீஸ் வராந்தாவில் ஆட்களை வெயிலில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பான். அவனை விரட்டியது இரண்டு பேர். ஒருவர் தம்புசாமி, மற்றவர் சிவசாமி. இரண்டு பேரும் இதே தோட்டத்தில் பிறந்தவர்கள். எழுபத்தேழில் ஒரே லாரியின் மேல் தோளோடு தோள் நின்று கோஷம் போட்டார்கள், ஒரே டம்ளரில் காப்பி குடித்தார்கள். கிராணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நாங்களும் இனிமேல் நல்ல காலம்தான் என்று நம்பினோம். எங்கள் புத்திக்கு அதுதான் எட்டியது.

கிராணி போன பிறகுதான் பிரச்சினை வந்தது: அவனை விரட்டியது யார்? அந்த வருஷத் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு? இவர் எனக்கு என்றார், அவர் எனக்கு என்றார். இரண்டு வருஷம் இழுத்தது. எழுபத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பசியாறி முடிப்பதற்குள், தோட்டத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்குத் தகர வேலி எழுந்துவிட்டது. மாரியம்மன் கோயில் முற்றத்தில் தொடங்கி, திடலைக் கிழித்துக்கொண்டு வந்து, எங்கள் லயத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் முட்டி, கொல்லைப்புறம் மறுபடி கிளம்பிப் போனது. அம்மன் தம்புசாமி பக்கம் மாட்டிக்கொண்டாள், கொடிமரம் சிவசாமி பக்கம். கொடி ஏற்றாமல் திருவிழா கிடையாது, அம்மன் இல்லாமல் கொடி ஏற்றவும் முடியாது. ஆகப் பதினொரு வருஷமாக இரண்டு பக்கமும் திருவிழா இல்லை. முதல் மரியாதை மட்டும் இரண்டு பேருக்கும் பத்திரமாக இருந்தது.

அதோடு விட்டார்களா? ஆம்பளைகள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திச் சூடம் ஏற்றி, தகரத்தைத் தாண்டுவதில்லை என்று சத்தியம் வாங்கினார்கள். என் புருஷன் சுப்பன் தம்புசாமி பக்கம் அணைத்தார், அண்ணன் சிவசாமி பக்கம் அணைத்தான். அன்றைக்கு வாசலில் நின்று, "இனிமே உனக்கு அண்ணன்னு ஒருத்தன் கிடையாது" என்று கத்தினான். "போ, எனக்குப் பூனை இருக்கு" என்றேன் நானும். இரண்டு பேருக்கும் அப்பாவின் வாய்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் கூத்தாடிகள் இரண்டு பேரும் தோட்டத்தில் குடியிருக்கக்கூட இல்லை. தம்புசாமிக்குப் பெம்பான் டவுனில் லாரித் தொழில், மாடி வீடு. சிவசாமிக்கு லூபோக் சீனாவில் மளிகைக்கடை, கடைக்கு மேலேயே வீடு. மாதத்துக்கு ஒருமுறை காடியை ஓட்டிக்கொண்டு வந்து தகரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று முறைத்துவிட்டுப் போவார்கள். இவர் எங்கள் மண்டபத்துக்கு இருபது இஞ்சு கலர் டிவி கொடுத்தால், அவர் அந்தப் பக்கத்துக்கு இருபத்து நாலு இஞ்சு கொடுப்பார். இவர் ஒலிபெருக்கிக் குழாய் இரண்டு மாட்டினால், அவர் நாலு மாட்டுவார். இரண்டு பக்கக் குழாய்களும் காலை ஆறு மணிக்கு ஒன்றை ஒன்று பார்த்துப் பக்திப்பாட்டு பாடும். கேட்டால் பேய்கூடத் தோட்டத்தைக் காலி பண்ணிவிடும். ஆனால் கக்கூசுக்கு ஒரு கதவு போட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கக்கூஸ் கதவுக்கு ரிப்பன் வெட்ட முடியாதல்லவா!

எண்பத்தொன்பது கடைசியில் அந்த இருபது இஞ்சு டிவியில்தான் பெர்லினைப் பார்த்தோம். ஜனங்கள் சுவர் மேல் ஏறிக் குதிக்கிறார்கள், சுத்தியலால் கொத்துகிறார்கள், யாரையோ கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து ஹிட்லரை விரட்டினார்களாம். விரட்டின பிறகு நீயா நானா என்று முறைத்துக்கொண்டு ஊரான் ஊரை இரண்டாகப் பிளந்தார்களாம். செய்தி முடிந்ததும் என் மகள் தேவமலர்தான் மெல்லச் சொன்னாள்: "அம்மா, நம்ம கத மாதிரியே இருக்குல்ல." அன்றிலிருந்து தம்புசாமி எங்களுக்கு அமெரிக்கா, சிவசாமி ரஷ்யா. முதுகுக்குப் பின்னால்தான், நேரில் ஐயா.

தேவமலரை நான் பாலும் பழமும் ஊட்டி வளர்க்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டியும், பிறகு புக்கிட் ரம்பாய் பாக்டரிக்குப் பஸ் ஏறியும் வளர்த்தேன். அந்தப் பாக்டரியில் அவளும் வேலைக்குச் சேர்ந்தபோதுதான், கூட வேலை பார்த்த நிவேந்திரனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போனது. நல்ல பையன், தலை நிமிர்ந்து பேசத் தெரியாது. அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா ஜெயமணி பேசுவாள். தொண்ணூறாம் வருஷம் ஆவணியில் முகூர்த்தம் என்று தட்டு மாற்றிய அன்றே கேட்டாள்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் எங்க?"

"பக்கத்து வீட்லதான் இருக்காரு சம்மந்திம்மா."

"பக்கத்து வீட்ல இருந்துகிட்டா வரல? நல்லா இருக்கு லா உங்க கத. இங்க பாருங்க, எங்க வழக்கத்துல தாய்மாமன் மால போட்டுக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வராம பொண்ணு மணவறைல உக்காரக்கூடாது. மாமன் வரலன்னா நாங்க பஸ்ஸ வுட்டே எறங்க மாட்டோம்."

அவள் சொன்னால் செய்வாள். அண்ணனைக் கூப்பிட எனக்கு ரோஷம் தடுத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ரோஷம் எல்லாம் என்றைக்கோ செத்துவிட்டது. சாயங்காலம் அண்ணி பவானேஸ்வரி பலகைக்கு மேல் சம்பல் கிண்ணத்தை நீட்டும்போது, வளையல் போட்ட அந்தக் கை மட்டும் தெரியும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் கிண்ணத்தோடு பதில் வந்தது.

"வரணும்னுதான் துடிக்கிறாரு. சத்தியத்த மீறுனா புள்ளகுட்டி வெளங்காதேன்னு பயப்படுறாரு. சூடம் அணைச்சதாச்சே, கோமளா."

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் மகன் யுகேந்திரன் லண்டனிலிருந்து லீவுக்கு வந்தான். அங்கே வக்கீலுக்குப் படிக்கிறவன், வழியில் பெர்லினுக்குப் போய் இடித்த சுவரிலிருந்து ஒரு துண்டைக் காலுறையில் சுற்றி எடுத்து வந்திருந்தான். தேங்காய் அளவு இருக்கும். ஒரு பக்கம் நீலச் சாயம், மற்றப் பக்கம் வெறும் சிமிந்தி. தம்புசாமி அந்தக் கல்லைப் பார்த்தார், அக்டோபரில் வரப்போகிற தேர்தலையும் பார்த்தார். உடனே அவருக்கு எங்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். தகரத்தைத் திறந்து ஒற்றுமை விழா நடத்தப்போகிறேன் என்று அறிவித்தார். ஒற்றுமைக்கு அவர் ஒருவரே பேர் வாங்கிவிடுவாரோ என்று சிவசாமிக்குத் தூக்கம் போனது. நானும் வருகிறேன் என்றார்.

பேச்சுவார்த்தை ஆறு வாரம் நடந்தது. பேனரில் யார் பேர் மேலே? முடிவில் இரண்டு பேனர். மாலை எத்தனை முழம்? அளந்து வாங்கினார்கள். எத்தனை தகரத்தைக் கழற்றுவது? கோயில் முற்றத்தில் ஒன்றே ஒன்று. அதில் எட்டு ஆணி, ஆளுக்கு நாலு. நாலாவது ஆணியை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிடுங்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்களாம். நான் இதற்கெல்லாம் சிரிக்கவில்லை. எனக்கு அந்த ஒரு தகரம் போதும். தகரம் இல்லாத இடத்தில் நடந்து வந்தால் தகரத்தைத் தாண்டியது ஆகாது, சத்தியத்துக்கும் பழுதில்லை. அண்ணனுக்கு அளவு தெரியாமலேயே ஒரு பட்டுச் சட்டை வாங்கி வைத்தேன். பெரிய மனுஷர்கள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆடி மாதம் விழா. தகரம் கழன்றது, குழாய் ஆறும் அலறியது. திறந்த இடத்தில், நட்டநடுவில், சிவப்புத்துணி விரித்த முக்காலியில் கல்லை வைத்தார்கள். அந்தப் பக்கக் கூட்டத்தில் அண்ணன் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. டவுன் பஸ் நிறுத்தத்தில் கண்டால் அவன் கடையில் தொங்கும் வாழைப்பழத்தைப் பார்ப்பான், நான் வானத்தைப் பார்ப்பேன். அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பேச்சு முடிந்ததும் அந்த இடைவெளியில் எல்லாரும் நடக்கலாம் என்று ஏற்பாடு. என் கால் செருப்புக்குள் நிற்கவில்லை.

யுகேந்திரன் மைக்கைப் பிடித்தான். நல்ல பிள்ளை, உருகிப் பேசினான். "இந்தக் கல்லு சாதாரண கல்லு இல்ல. இருபத்தெட்டு வருஷத்துல இது எத்தன உயிர வாங்கிருக்கு தெரியுமா? எத்தன குடும்பத்தப் பிரிச்சிருக்கு தெரியுமா? இதோட சக்தி..."

இதை எங்கள் கோயில் பூசாரி அங்கமுத்து பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு காது மந்தம், இன்னொரு காதும் அப்படித்தான். உயிர் வாங்கின கல்! குடும்பம் பிரித்த கல்! சக்தி! அதைப் பட்டினி போட்டு நடுமுற்றத்தில் உட்கார வைத்திருக்கிறார்களே பாவிகள்! ஓடினார். யாரும் தடுப்பதற்குள் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து, "அய்யா, தெரியாம செஞ்சிட்டோம், சாந்தமாயிரு" என்று தேங்காயை ஓங்கி உடைத்தார். தேங்காய் இரண்டாகப் பிளந்து பூவோடு விழுந்தது. கூட்டம் முழுக்கக் குலவை போட்டது. பாதிப் பேருக்கு அங்கேயே அருள் வந்துவிட்டது.

"ஐயோ, அது சாமி இல்ல லா! சுவரு! வெறும் சுவரு!" என்று யுகேந்திரன் மைக்கிலேயே கத்தினான்.

தம்புசாமி மகனின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "சும்மா இருடா. தேர்தல் முடியறவரைக்கும் அது சாமிதான்." மைக்கை அணைக்க மறந்துவிட்டார். ஆனால் யார் காதிலும் அது ஏறவில்லை.

பூ விழுந்த தேங்காய் விழுந்ததுதான், இனிக் கல்லை நகர்த்தக்கூடாது. உடனே சிவசாமிக்கு ஒரு சந்தேகம்: சாமி எந்தப் பக்கம் பார்க்கிறது? நீலச் சாயம் இருந்த பக்கம்தான் முகம் என்று அங்கமுத்து சொல்லிவிட்டார். அது எங்களைப் பார்த்திருந்தது. "அப்ப எங்களுக்கு முதுகக் காட்டுதா?" என்று அந்தப் பக்கம் கொதித்தது. அரைமணி நேரம் வாய்ச்சண்டை. கடைசியில் இரண்டு பெரிய மனுஷர்களும் பதினொரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: சாமி உட்கார்ந்த இடத்தை மனுஷன் மிதித்துத் தாண்டக்கூடாது.

தம்புசாமி மேலே கூரை போட்டார். சிவசாமி நாலு பக்கமும் இரும்புக் கிராதி அடித்தார். தகரத்தையாவது ஒருநாள் கழற்றலாம், சாமியைக் கழற்ற முடியுமா? "தகரத்தடி பெர்லினய்யா" என்று போர்டு மாட்டினார்கள், வெள்ளிக்கிழமைகளில் பொங்கல் வைத்தார்கள். ஜெர்மன்காரன் இடித்துத் தூக்கி எறிந்த சுவரை, நாங்கள் ஆறாயிரம் மைல் தாண்டிக் கொண்டுவந்து இருந்த ஒரே ஓட்டையையும் அடைத்தோம். இந்தச் சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த இரண்டு பேரையும் என் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அதில் ஒன்றையும் இங்கே எழுத முடியாது. தேவமலர் அழவில்லை. "மாமா வராட்டி பரவால்லம்மா" என்றாள். அவள் பரவாயில்லை என்று சொன்ன விதம்தான் எனக்குத் தாங்கவில்லை.

கல்யாண நாள் வந்தது. எங்கள் திடலில் பந்தல். ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டு பஸ் எட்டு மணிக்கே வந்துவிட்டது, மேளம் முழங்கியது. மாப்பிள்ளை மட்டும் இறங்கப் பார்த்து ஒரு கால் கீழே வைத்தான். "ஏறுடா மேல" என்று ஒரு குரல். காலை எடுத்துக்கொண்டான். சுப்பன் ஓடிப் போய்க் கெஞ்சினார். ஜன்னல் வழியே ஜெயமணி கேட்டது ஒரே கேள்வி: "மாமன் எங்க?" ஒன்பதரை ஆயிற்று. மேளக்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். அறையில் தேவமலர் பட்டுச்சேலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. அதே இருமல்.

"அண்ணே" என்றேன்.

இருமல் நின்றது. பிறகு, "சொல்லு கோமளா" என்று வந்தது. பதினொரு வருஷம் கழித்து என் பேர் அந்த வாயிலிருந்து.

"பஸ்ஸ வுட்டு எறங்க மாட்டேங்கிறாங்கண்ணே."

"தெரியும். எல்லாம் கேக்குது. நானும் ஆறு மணிலேருந்து மாலையும் கையுமா கெளம்பித்தான் நிக்கிறேன். எந்தப் பக்கம் போறதுன்னுதான் தெரில."

குரல் உடைந்தது. எனக்கும் உடைந்திருக்க வேண்டும், ஆனால் அழ நேரமில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இந்த மண்டைக்கு மூளை வந்தது.

"அண்ணே, சூடம் அணைச்சப்ப என்னான்னு சொன்ன? சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு."

"தகரத்தத் தாண்டி அந்தப் பக்கத்து நல்லது கெட்டதுக்குக் காலடி வைக்கமாட்டேன்னு."

"தகரத்த?"

"தகரத்த."

"இப்ப உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கிறது என்னா?"

அந்தப் பக்கம் அண்ணி களுக்கென்று சிரிக்கிற சத்தம். பிறகு அண்ணன், மெதுவாக: "பலகை."

"பலகைன்னு சத்தியம் பண்ணுனியா?"

"இல்ல லா."

"அப்புறம் என்னா நிக்கிற!"

அவன் அங்கிருந்து கடப்பாரையை விட்டான். நான் இங்கிருந்து தேங்காய் உடைக்கிற பாராங் கத்தியால் நெம்பினேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேவமலரும் இழுத்தாள். தோட்ட நிர்வாகத்துப் பலகை, நோட்டீஸ் வரும் என்று சுப்பன் வாசலில் நின்று முனகினார். வரட்டும், வந்து மொய் எழுதட்டும் என்றேன். ஆளுக்கு எத்தனை ஆணி என்று யாரும் எண்ணவில்லை. மூன்று பலகை பெயர்ந்தது, அண்ணன் தலையைக் குனிந்து உடம்பை ஒருக்களித்து என் வீட்டுக்குள் வந்தான். பக்கத்து வீடுதான். வர மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

உள்ளே வந்தவன் என்னைப் பார்க்கவில்லை, சுற்றுமுற்றும் வீட்டைப் பார்த்தான். "ஏன் கோமளா, உன் வீடு எங்க வீட்ட விடப் பெருசு போலிருக்கே?"

ஒரே அச்சில் கட்டின லயத்து வீடு! ஓரங்குல வித்தியாசம் கிடையாது. "நானும் உன் வீடுதான் பெருசுன்னு நெனச்சிருந்தேண்ணே" என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். தேவமலர் காலில் விழுந்தாள். மாலை போட்டு, கையைப் பிடித்து, என் வீட்டு வாசல் வழியாக அவளைப் பந்தலுக்குக் கூட்டிப்போனான். ஜெயமணி பஸ்ஸை விட்டு இறங்கினாள். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றாள். வாஸ்தவம்தான். பதினொரு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம். தாலி ஏறும்போது மணி பத்து இருபது.

அன்றைக்குப் பன்னிரண்டாம் நம்பர் வழியாக அந்தப் பக்கத்து ஜனம் பாதி என் வீட்டுக்குள் புகுந்து பந்தலுக்கு வந்தது. எல்லாரும் சத்தியத்துக்குப் பயந்தவர்கள். ஒருவர்கூடத் தகரத்தைத் தாண்டவில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் மொய்க்கவரோடு வந்து, முதல் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குள் முதல் பந்தி சாப்பிட்டு எழுந்துவிட்டது.

இரண்டாம் பந்தியில் அங்கமுத்து பெரியப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் பொட்டலம், எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய். நான் சாம்பார் ஊற்றப் போனபோது என் கையைப் பிடித்தார்.

"தாயி, அண்ணன் தங்கச்சிய இத்தன வருஷம் பிரிச்சு வெச்ச பலகை. லேசுப்பட்டதில்ல. அதுக்கு ஒரு கூரையப் போட்டு, ஒரு கிராதிய அடிச்சு... எங்க வெச்சிருக்க அத?"

"அடுப்புல வெச்சிட்டேன் பெரியப்பா. மூணையும். அதுல கொதிச்சதுதான் இப்ப உங்க இலைல ஊத்துன சாம்பாரு."

அவர் இலையைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். தேங்காயை என் கையில் கொடுத்து, நாளைக்குச் சட்னி அரைக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்.